பெரிய மிஸ்ஸி தாண்டிப்போன சொல்

போன மாதம் பிரஷர் குளிசை எடுப்பதற்காக எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாழ்நாளில் பாதியை அம்புலன்ஸ் ஓட்டிக் கழித்த இடம். இப்போது வரிசையில் நின்றால் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியாது. அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் குளிசை கொடுக்கும் இளம் மிஸ்ஸிக்கு யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தன் ஃபோனை என் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"அங்கிள், இதுக்குள்ள தமிழில எதையாவது சொல்லுங்கோ. இது இங்கிலீசில சொல்லும். இங்கிலீசில சொன்னால் தமிழில சொல்லும்."

நான் குனிந்து, "த டிரைவர் இஸ்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

ஃபோன் பேசாமல் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபோனைப் பார்த்தேன்.

"மிச்சத்தைச் சொல்லுங்கோ அங்கிள்."

"மிச்சம் நான் சொல்லுறதில்லை, பிள்ளை. அது மற்றவை சொல்லவேணும்" என்றேன்.

கிழவனுக்கு பிரஷர் மட்டுமல்ல, வேறும் ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள். பிறகு நான் விஷயத்தைச் சொல்ல, குளிசை எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். "இதை எங்கட ஆஸ்பத்திரி மலருக்கு எழுதித் தாங்கோ" என்று அவள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அந்தக் காலத்தில் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான் முதலில் ஓட்டியது மீன் லொறி. பிறகு அரசாங்க வேலைக்கு மனுப்போட்டு அம்புலன்சுக்கு வந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டும் கெட்டுப்போக முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சாமான். ஆனால் வழியில் சுணங்கினால் மீனுக்கு ஐஸ் போடலாம். இந்த ஒரு வித்தியாசம் எனக்கு விளங்கியதோடு என் பயிற்சிக்காலம் முடிந்தது.

சண்டை எங்கள் தீவைச் சுற்றி நெருக்கிய வருடங்களில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாமல் போனார். கடைசியில் ஒரு நிவாரண நிறுவனம் வெளிநாட்டு டொக்டர் ஒருவரை அனுப்பிவைத்தது. எரிக் என்று பெயர். ஒவ்வொரு வாசலிலும் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். அவருக்குத் தெரிந்த தமிழ் வணக்கம், நன்றி, சோறு. மூன்றையும் சேர்த்தே சொல்வார். எங்களில் படித்த மிஸ்ஸிமார் அவரோடு இங்கிலீசில் சமாளித்தார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மிஸ்ஸிதான் வேலையில் இருப்பார். மற்ற நேரமெல்லாம் டொக்டருக்குக் கிடைப்பவர்கள் நோயாளிகளைத் தூக்கும் அற்றென்டன்மார், சமையற்காரர், நான். அவர் "வோட்டர்" என்றால் நாங்கள் அவர் உட்காரக் கதிரையைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

இதைப் பொறுக்க முடியாமல்தான் பெரிய மிஸ்ஸி வகுப்புத் தொடங்கினார்.

பெரிய மிஸ்ஸியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பாதைகள் பூட்டுப்பட்டதால் இங்கேயே தங்கிவிட்டார். மெலிந்த உடம்பு, வெள்ளைவெளேர் என்ற உடுப்பு, நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்ன மணிக்கூடு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "ம்" என்ற ஒரு சொல்லை வைத்தே ஆஸ்பத்திரியை நடத்தினார். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் என்னை "சூசை" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "டிரைவர்." என்றைக்காவது "மிஸ்டர் டிரைவர்" என்று கூப்பிட்டால் நான் அம்புலன்சுக்கு அடியில் படுத்து எதையாவது திருத்தத் தொடங்கிவிடுவேன்.

வகுப்பு காலையில், வேலை மாறும் நேரத்தில், நோயாளிகள் காத்திருக்கும் மண்டபத்தில் நடக்கும். கரும்பலகை கோயிலின் ஞானப்பாட வகுப்பிலிருந்து இரவல். பாடப்புத்தகம் யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெட்டியில் பழைய உடுப்புகளோடு வந்தது. சின்னச் சின்ன இங்கிலீஸ் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் உதாரண வசனம். முதல் நாள் பெரிய மிஸ்ஸி புத்தகத்தைத் திறந்தார். பூனை கொழுத்திருக்கிறது, ராசா கிழவர் என்பதுபோல இரண்டு வசனங்களை வாசித்தார். பிறகு மூடிவிட்டார்.

"இஞ்சை ராசா இல்லை. பூனை இருக்கு, ஆனால் அது எலும்பும் தோலும். பொய் வசனம் மண்டையில நிக்காது. சொல்லை மட்டும் புத்தகத்தில எடுப்பம். வசனத்தை ஆஸ்பத்திரியில எடுப்பம். இண்டைக்கு, இஞ்சை, உண்மையா இருக்கவேணும்."

அதுதான் சட்டம். காய்ச்சலோடு கட்டிலில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் எங்கள் எல்லோருடைய கையையும் வைக்கச் செய்து, "த சைல்ட் இஸ் ஹொட்" என்று எழுதினார். ஓடு உடைந்து மழை ஒழுகிய இடத்தில் எங்களை வெறுங்காலோடு நிற்கவைத்து, "த ஃப்ளோர் இஸ் வெட்" என்றார். பூனையைத் தூக்கிக் காட்டி, "த கட் இஸ் தின்" என்றார். பூனைக்கு அது விளங்கியிருக்க வேண்டும், அன்றைக்கு முழுக்க சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த சொல் லேட். பெரிய மிஸ்ஸி சோக்கட்டியோடு யோசித்துக்கொண்டு நிற்க, நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலால் வந்தேன். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுதுவதற்கு அவருக்கு அதற்குமேல் யோசனை தேவைப்படவில்லை.

என் சுணக்கத்துக்குக் காரணம் இருந்தது. நான் தாழ்வுபாடு என்ற ஊர்க்காரன். என் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆமியின் சென்றி ஒன்று, மண்மூட்டை அடுக்கி, ரோட்டுக்குக் குறுக்கே தடி போட்டு இருந்தது. அங்கே தொப்பை வைத்த ஒரு சிப்பாய். மற்றவர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விடுவார்கள். இவர் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சோற்றைப் பார்த்து, கறியைப் பார்த்து, முகர்ந்து, இன்றைக்கு என்ன மீன் என்று உறுதிப்படுத்திய பிறகுதான் விடுவார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்க மீன் விலை பேசுவதற்கானது. அதை வைத்து அவரோடு சண்டை பிடிக்க முடியாது. இந்தக் கதையைப் பெரிய மிஸ்ஸியிடம் சொன்னேன். "ம்" என்றார். வசனம் அப்படியே இருந்தது.

வகுப்பில் எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டவர் ஞானம்மா அக்கா. ஓலைத்தொடுவாயிலிருந்து வரும் அற்றென்டன். வளர்ந்த ஆம்பிளையைத் தனியே தூக்கிக் கட்டிலில் போடுவார். ஆனால் மூன்றெழுத்து இங்கிலீஸ் சொல் ஒன்றைத் தூக்க அவரால் முடியவில்லை.

"மிஸ்ஸி, எனக்கு மண்டைக்குள்ள ஒண்டும் தங்குதில்லை. செபம் மட்டும்தான் தங்கும்."

பெரிய மிஸ்ஸி சோக்கட்டியைக் கீழே வைத்தார். "அப்ப செபம் மாதிரியே சொல்லுவம். நான் பாதி சொல்லுறன். நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கோ."

செபமாலை சொல்லும்போது ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கு நடக்க முன்னமே அது வந்துவிடும். பெரிய மிஸ்ஸி "த சைல்ட் இஸ்" என்றார். ஞானம்மா அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, "ஹொட்" என்றார். "த ஃப்ளோர் இஸ்." "வெட்." ஒரு கிழமைக்குள் மண்டபத்தில் இருந்த நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். "த டிரைவர் இஸ்" என்று வந்தால் கூரை அதிரும்.

இதில் ஒரு சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் சனம் பாதியில் விட்ட வசனத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காது. எரிக் டொக்டர் ஒரு பிள்ளையின் கட்டிலருகே நின்று, நோய்த்துண்டைப் புரட்டியபடி, "த சைல்ட் இஸ்..." என்று இழுத்தார். வார்டு முழுக்க ஒரே குரலில் "ஹொட்!" என்றது. அவர் திடுக்கிட்டுக் காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் இல்லை. மற்றக் கமக்கட்டிலும் வைத்துப் பார்த்தார். பிள்ளை வேப்பமரத்தால் விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்தது.

"டொக்டர் கதைச்சா வாயை மூடுங்கோ. நான் சொன்னால் மட்டும் திறவுங்கோ" என்று பெரிய மிஸ்ஸி உத்தரவு போட்டார். நடக்கவில்லை. கடைசியில் டொக்டருக்கே அது பிடித்துப்போய், காலையில் வந்தவுடன் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, "த டிரைவர் இஸ்" என்று தொடங்கினார். ஒருநாள் நான் வீம்புக்கு விடியப்புறமே வந்து முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் "லேட்!" என்றே கத்தினார்கள். பெரிய மிஸ்ஸி தன் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இண்டைக்கு இது பொய்" என்று சொல்லி அந்த வரியை அன்றைக்கு மட்டும் அழித்தார். என் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது.

ஒருநாள் பெரிய மிஸ்ஸி புத்தகத்தில் ஒரு சொல்லைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். ஞானம்மா அக்காவுக்கு இங்கிலீஸ் எழுத்து வாசிக்க வராது, ஆனால் வரியை விரலால் பிடித்துக்கொண்டே வருவார்.

"மிஸ்ஸி, ஒண்டை விட்டிட்டீங்கள்."

"தெரியும்."

"அது என்ன சொல்?"

"சேஃப். ஆபத்து ஒண்டும் இல்லாமல், பயமில்லாமல் இருக்கிறது."

"நல்ல சொல்லெல்லோ. அதுக்கு வசனம்?"

பெரிய மிஸ்ஸி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்தக் கிழமைதான் கரையில் செல் குண்டு விழுந்து இரண்டு குடும்பம் எங்கள் விறாந்தையில் பாய் போட்டுக் கிடந்தது. "இதில ஆரைக் காட்டி அதைச் சொல்லுறது, ஞானம்மா? உண்மையா ஒரு வசனம் கிடைக்கட்டும். அப்ப எழுதுவம்" என்றார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கிழமைக்கு ஒருமுறை நான் அம்புலன்சில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஞானம்மா அக்காவும் கூட வருவார். வழியில் அதே சென்றியில் வெயிலில் காத்துக்கிடக்க வேண்டும். நோயாளிகளுக்குப் பராக்காக இருக்கட்டும் என்று அவர் உள்ளே வகுப்பைத் தொடங்கிவிடுவார். அவர் பாதி சொல்ல, கட்டுப்போட்டதுகளும் இருமுகிறதுகளும் மீதியைச் சொல்லும். தொப்பைச் சிப்பாய் மண்மூட்டையில் சாய்ந்துகொண்டு கேட்பார். சில நாளில் அவருடைய உதடும் அசைவதைக் கண்ணாடியில் கண்டிருக்கிறேன். என்னைச் சுணக்கியவரே "லேட்" என்று சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை.

ஞானம்மா அக்காவுக்கு ஒரே மகள், ரீட்டா. புருசன் கடலுக்குப் போகிறவன். தலைப்பிள்ளை. நாள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு பின்னேரம் அவளை வண்டிலில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பாய் முழுக்க இரத்தம். எரிக் டொக்டர் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எங்களுக்கு இங்கிலீஸ் தேவைப்படவில்லை. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்க வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும், இரண்டும் டவுனில்தான். அவர் கடிதம் எழுத, பெரிய மிஸ்ஸி ரீட்டாவின் கையில் ஊசி ஏற்றி சேலைன் போட்டார். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார். ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்துக்கு மடித்த கம்பளி வைத்து உயர்த்தினார். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. ஆனால் ஒன்றைக்கூட இரண்டாம் தரம் செய்யவில்லை. வார்டில் இன்னும் இரண்டு பேர் பிரசவத்துக்கு இருந்ததால் அவரால் வர முடியாது. தன் நெஞ்சிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி ஞானம்மா அக்காவின் சட்டையில் குத்தினார்.

"இந்தப் போத்தல் முடிஞ்சா மற்றதை மாத்துங்கோ. நேரத்தைப் பாத்து நாடியைப் பிடியுங்கோ. முக்கியமா அவளை நித்திரை கொள்ள விடாதேங்கோ. கதைச்சுக்கொண்டே இருங்கோ. அவளும் பதில் சொல்லவேணும். பதில் நிண்டால் பொல்லாத அறிகுறி."

என்னிடம் "சூசை" என்று மட்டும் சொன்னார்.

ரோடு முழுக்க ஞானம்மா அக்கா கதைத்தார். மாமியாரைப் பற்றி, ஆட்டைப் பற்றி, பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயரைப் பற்றி. பயத்தில் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனது. கடைசியில் கையிலிருந்ததை எடுத்தார். "த சைல்ட் இஸ்." ரீட்டாவும் தாயோடு வந்து எங்கள் வகுப்பில் இருந்தவள்தான். "ஹொட்" என்று முனகினாள். அந்த முனகலைக் கேட்டுக் கேட்டு நான் ஓட்டினேன்.

சென்றிக்கு வர பொழுது பட்டுவிட்டது. தடி போட்டாயிற்று. நின்றவர்கள் எல்லாம் புதுமுகம், அன்றைக்குத்தான் ஆள் மாறியிருக்கிறார்கள். என்னை இறக்கிக் கையைத் தூக்கச் சொன்னார்கள். புது அதிகாரி டொக்டரின் கடிதத்தை வாசித்தார், கெட்டவராகத் தெரியவில்லை. ஆனால் பொழுது பட்ட பிறகு வாகனம் விடுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அம்புலன்சுக்குள் உண்மையில் யார் என்று முன்பின் அறியாத அவருக்கு எப்படித் தெரியும்? வயர்லெஸ்ஸைத் தட்டினார், இரைச்சல்தான் வந்தது. மறுபடி தட்டினார். நான் கையைத் தூக்கியபடி, எனக்குத் தெரிந்த மீன் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஞானம்மா அக்காவின் குரல்.

"த சைல்ட் இஸ்."

"ஹொட்." ரீட்டாவின் சத்தம் காற்றோடு போய்விட்டது.

"த ஃப்ளோர் இஸ்."

பதில் இல்லை.

"த ஃப்ளோர் இஸ்... பிள்ளை, சொல்லடி. என்ரை ராசாத்தி, ஒருக்காச் சொல்லு. த ஃப்ளோர் இஸ்..."

என் கை தானாகக் கீழே வந்துவிட்டது. துவக்கு நீட்டியவன் கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை.

அப்போது மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் சொன்னது: "வெட்."

தொப்பைச் சிப்பாய். அவரும் போகவிருந்தவர்தான், உடுப்புப் பை தோளில் தொங்கியது. கதவடிக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஞானம்மா அக்கா யார் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகளின் முகத்தில்தான் கண்.

"த டிரைவர் இஸ்."

"லேட்!" என்று அவர் வாய்விட்டுக் கத்தினார். அந்தச் சத்தத்தில் ரீட்டாவின் கண் திறந்தது. உதடு அசைந்தது. "லேட்" என்றாள்.

அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் கேட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிப்பாய் அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் படபடவென்று சொன்னார். என்னைக் காட்டினார், அம்புலன்சைக் காட்டினார், நெஞ்சில் அடித்தும் காட்டினார். எனக்கு விளங்கியது நடுவில் வந்த "லேட்" ஒன்றுதான். அதிகாரி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தார். தடி உயர்ந்தது.

"யன்ன, யன்ன!" என்று சிப்பாய் அம்புலன்சின் முதுகில் தட்டினார். போ, போ என்று. அந்த வாயால் அதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மற்ற நாள் காலையில் நானும் ஞானம்மா அக்காவும் வெறும் அம்புலன்சோடு திரும்பி வந்தோம். சென்றியில் பழைய ஆட்கள் லொறிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். தொப்பைச் சிப்பாய் என்னிடம் சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்கவில்லை. நேரே பின்பக்கம் போனார். ஸ்ட்ரெச்சர் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு அவர் முகம் விழுந்துவிட்டது. கேட்பதற்கு அவரிடம் தமிழ் இல்லை, எங்களிடம் மீன் விலைக்கு மேல் சிங்களம் இல்லை. பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காத வசனம் ஒன்றை, மெதுவாக, தானே கட்டினார்.

"த மதர் இஸ்..."

அதற்கு மேல் அவரிடம் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஞானம்மா அக்கா இரவு முழுக்க நித்திரை கொள்ளாத கண்ணை மூடினார். கையைக் கட்டினார், வகுப்பில் கட்டுவதுபோலவே.

"சேஃப்" என்றார்.

சிப்பாய்க்கு அந்தச் சொல் விளங்கியதா தெரியாது, அது எங்கள் பாடத்தில் இல்லாத சொல். ஞானம்மா அக்கா கையைத் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினார். பெண்பிள்ளை என்று தோடு போடும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். சிப்பாய் "சேஃப்" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு பலமாகச் சிரித்தார். லொறி வந்தது, ஏறிப் போய்விட்டார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் பெயர் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை. எங்கே போனார், இருக்கிறாரா என்றும் தெரியாது. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டும் ஒருவரும் "லேட்" என்று கத்தவில்லை. எல்லோருடைய கண்ணும் ஞானம்மா அக்காவில். அவர் நேரே கரும்பலகையடிக்குப் போனார்.

"மிஸ்ஸி, அண்டைக்கு விட்ட சொல்லை எழுதுங்கோ. வசனம் கிடைச்சிட்டுது. தாயும் பிள்ளையும் சுகம்."

பெரிய மிஸ்ஸி நேரம் பார்க்கக் குனிந்தார். நெஞ்சில் மணிக்கூடு இல்லை. அது ஞானம்மா அக்காவின் சட்டையில் இருந்தது. அதை எட்டிப் பார்த்து, சோக்கட்டியை எடுத்து, முழு வசனத்தையும் எழுதினார். "இண்டைக்கு இது உண்மை" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி முன்பாதியைச் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இன்னொருமுறை பார்த்தார். வரவில்லை.

மண்டபம் காத்திருந்தது. எரிக் டொக்டர் வாசலில் குனிந்துகொண்டு நின்றார்.

யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. நோயாளிகள், அற்றென்டன்மார், சமையற்காரர், நான், எல்லோரும் சேர்ந்து அவருக்கு முன்பாதியைச் சொன்னோம்.

"த மதர் இஸ்..."

பெரிய மிஸ்ஸி லேஞ்சியால் கண்ணைத் துடைத்துவிட்டு, சின்னப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல, மிச்சத்தைச் சொன்னார்.